தடுப்பாட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. மைசூருவில் பி.காம். முடித்திருக்கிறேன். மூன்று வருடமும் கல்லூரி அணியில் ஸ்டாப்பர் பேக். கடைசி வருடம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்கும் போய் வந்தேன். அதற்குப் பிறகு முழங்காலில் அடி. இப்போது ஓட முடிகிறது, ஆனால் பழையபடி சறுக்கிப் பந்தைப் பிடுங்கப் பயமாக இருக்கிறது. சாயங்காலம் பழைய கல்லூரி மைதானத்துக்குப் போய் ஜூனியர் பசங்களுக்குத் தடுப்பாட்டம் சொல்லித்தருகிறேன். பி.டி. சாரும் “பேக் லைன் உன் பொறுப்பு” என்று விட்டுவிட்டார். சம்பளம் எதுவும் கிடையாது. பசங்க நான் சொல்வதைக் கேட்கிறார்கள். முன்பைவிடக் குறைவாகத்தான் கோல் வாங்குகிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தடுப்பாட்டத்துக்கென்றே தனிப் பயிற்சியாளர் இருப்பதையும், அவர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதையும் வீடியோவில் பார்த்தேன். இங்கே அப்படி ஒரு வேலை உண்டா? அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “பந்துக்குப் பின்னால் ஓடினது போதும், வங்கித் தேர்வுக்குப் படி” என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மைசூரு

பதில்: தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயரில் இங்கே பதவி கிடையாது. ‘தடுப்பாட்டப் பயிற்சியாளர் தேவை’ என்று எந்த இந்தியக் கல்லூரியும் விளம்பரம் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேலை இருக்கிறது. உடற்கல்வி இயக்குநர், துணைப் பயிற்சியாளர், அகாடமி பயிற்சியாளர் என்று வேறு பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் அந்தப் பலகைகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தடுப்பாட்டத்தில் பெயர் எடுப்பதெல்லாம் அதற்குள் போன பிறகுதான்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது வேறு ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு இன்னொரு பதினொருவர். பந்து கைமாறினால் ஒரு கூட்டம் வெளியே போகும், மறு கூட்டம் உள்ளே வரும். ஆக, தடுப்பாட்டப் பயிற்சியாளருக்குத் தனியாக ஓர் அணியே உண்டு. அவருக்குக் கீழே முன்வரிசைக்கு ஒருவர், நடுவரிசைக்கு ஒருவர், பின்வரிசைக்கு ஒருவர் என்று உதவியாளர்கள் இருப்பார்கள். நம் கால்பந்தில் தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொருவர்தான். ஃபார்வர்டு பந்தை இழந்த நொடியே அவனும் தடுப்பாட்டக்காரன். அதனால்தான் இங்கே அந்தப் பொறுப்பைப் பிரித்து ஒருவர் கையில் கொடுக்கும் வழக்கம் வரவில்லை. பணம் இல்லாததும் ஒரு காரணம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவில் பணத்தில் புரளும் கிளப்புகளிலும் பெரும்பாலும் ‘துணைப் பயிற்சியாளர்’ என்றுதான் பெயர்.

அமெரிக்கக் கதையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஒருவர் உண்டு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் பட் ஃபாஸ்டர். 1987-இல் அங்கே உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார், 1995-இல் தடுப்பாட்டப் பொறுப்புக்கு வந்தார், 2019 பருவம் முடிந்து ஓய்வு பெறும்வரை அதே நாற்காலிதான். தலைமைப் பயிற்சியாளர் ஆகவே இல்லை. நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பிராய்ல்ஸ் விருது 2006-இல் அவருக்குக் கிடைத்தது. அவருடைய அணியின் சின்னம், தொழிலாளி வேலைக்கு எடுத்துப்போகும் நசுங்கிப்போன ஒரு சாப்பாட்டு டப்பா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வருவான். பணிமனைக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப்போன உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் பிடிக்கும்.

ஃபாஸ்டரைப்போல இரண்டாம் நாற்காலியில் முழு வாழ்க்கையையும் கழிப்பது அங்கே மரியாதையான தொழில். கிர்பி ஸ்மார்ட் மாதிரி அங்கிருந்து மேலே ஏறுகிறவர்களும் உண்டு. அவர் அலபாமாவில் தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 2016 பருவத்திலிருந்து ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர். 2021, 2022 இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டம் வாங்கினார். நமக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. இரண்டாம் நாற்காலியே இல்லாத இடத்தில் அதில் உட்காருவேன் என்று காத்திருந்தால் முப்பது வயது ஓடிவிடும்.

அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் வித்தைக்கு இங்கே மதிப்பே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அது எந்த இடத்தில் என்று தெரிய வேண்டும். நீங்களே அந்த இடத்தில் நின்றவர்தான்: பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாம்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி முடிகிறது. தேர்வாளர்கள் இங்கே இரண்டு பேர், அங்கே ஒருவர் என்று பொறுக்கி எடுக்கிறார்கள். தென்மண்டலப் போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போது முகாம் தொடங்குகிறது. மைசூருப் பக்கம் ஒரு முகாமில் யார் யார் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். உள்ளூர்க் கன்னடப் பையன், கேரளத்திலிருந்து படிக்க வந்தவன், பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்பிலிருந்து வந்தவன், வடகிழக்கு மாநிலத்து மாணவன். நான்கு பேக்குகளும் நான்கு கல்லூரிக்காரர்கள். ஒருவன் கல்லூரியில் ஆளுக்கு ஆள் பிடித்து ஆடிப் பழகியவன். இன்னொருவன் இடத்தைக் காத்துப் பழகியவன். மூன்றாமவனை அவன் ஊரில் எல்லோருக்கும் பின்னால் ஸ்வீப்பராக நிறுத்தியே வைத்திருந்தார்கள். நான்கு வீட்டுச் சமையல்காரர்களை ஒரே அடுப்படியில் விட்டு ஒரே குழம்பு கேட்பது மாதிரிதான்.

இந்த இரண்டு வாரத்தில் ஃபார்வர்டுகளிடம் பெரிய மாற்றம் எதுவும் கொண்டுவர முடியாது. கோல் போடும் கை… கால் என்று சொல்ல வேண்டும், அது அவனவன் கொண்டுவந்தது. ஆனால் தடுப்பாட்டம் மாறும். ஏனென்றால் அது திறமையைவிட ஒழுங்கைச் சார்ந்தது. எங்கே நிற்பது, யார் முன்னால் போவது, யார் பின்னால் இருந்து காப்பது, யார் குரல் கொடுப்பது என்ற நான்கும் சொல்லிக்கொடுத்தால் வரக்கூடியவை. கல்லூரிக் கால்பந்தில் தடுப்பாட்டம் தெரிந்தவனுக்கு மதிப்பு வருவது இதனால்தான். கையில் நாள் குறைவாக இருக்கும்போது பலன் தரக்கூடியது அது ஒன்றுதான்.

ஏ.சி. மிலானின் அரிகோ சாக்கி இதைத் தன் நட்சத்திரங்களுக்கே நிரூபித்துக் காட்டிய கதை உண்டு. குல்லிட், வான் பாஸ்டன் உட்பட பத்துப் பேரை ஒரு பக்கம் நிறுத்தினார். எதிரே கோல்கீப்பரும், பரேசி, மால்தினி, தசோட்டி, கோஸ்டகுர்ட்டா நால்வரும். ஐந்துக்குப் பத்து. தடுப்பவர்கள் பந்தைப் பிடுங்கினால் தாக்குகிறவர்கள் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கால் மணி நேரம் ஆகியும் ஒரு கோல் விழவில்லை. சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் ஆடியவரல்ல, செருப்பு வியாபாரத்திலிருந்து வந்தவர். அவருடைய மிலான் 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. முழங்காலைப் பற்றிக் கவலைப்படும் உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். சறுக்கிக் காட்ட வேண்டியதில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டத் தெரிந்தால் போதும்.

முகாமில் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டால், மூன்றே காரியம். முதல் நான்கு நாள் பந்தையே பெரிதாகத் தொடமாட்டேன். நான்கு பேக்குகளின் இடுப்பிலும் ஒரே கயிறு, ஆளுக்கு ஆள் எட்டு மீட்டர் இடைவெளி. நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடமும் வலமுமாக நடப்பேன். பந்து வலப்பக்கம் போனால் நான்கு பேரும் சேர்ந்து வலப்பக்கம் நகர வேண்டும். ஒருவன் தூங்கினால் கயிறு இழுத்துச் சொல்லிவிடும், நான் கத்த வேண்டியதில்லை. பந்து வைத்திருப்பவனை நெருங்க ஒருவன் முன்னே போகும்போது மற்ற மூவரும் உள்ளே சுருங்கி அவன் முதுகைக் காக்க வேண்டும். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள், கயிறு இருப்பதாகவே நினைத்து நகர்வார்கள்.

இரண்டாவது, குரல். மைசூரு முகாமில் இது லேசுப்பட்ட விஷயமில்லை. கன்னடத்தில் ஒருவன் கத்துவான், மலையாளத்தில் ஒருவன் பதில் சொல்வான், திபெத்தியப் பையன் இரண்டும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான். அதற்குள் எதிரணி ஃபார்வர்டு நடுவில் புகுந்து போய்விடுவான். அணிக்குப் பொதுவாக நான்கு சொல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘அப்’, ‘டிராப்’, ‘மேன் ஆன்’, ‘அவே’. முன்னே ஏறு, பின்னே இறங்கு, உன் முதுகில் ஆள், அடித்து வெளியேற்று. இந்த நான்குக்கு மேல் எந்த மொழியிலும் பேசக்கூடாது. சொல்வது கோல்கீப்பரும் ஒரு ஸ்டாப்பரும் மட்டும். நான்கு பேரும் சொன்னால் யாரும் சொல்லாததற்குச் சமம்.

மூன்றாவது, கார்னரும் ஃப்ரீகிக்கும். இந்த மட்டத்து ஆட்டங்களில் வாங்குகிற கோல்களைப் பார்த்தால், அழகாக ஆடிப் போட்ட கோலைவிட நின்ற பந்திலிருந்து வந்த கோல்தான் கண்ணில் அதிகம் படுகிறது. முதல் கம்பத்தில் ஆளே இல்லை, அல்லது ஒருவனையே இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சின்னப் பெட்டியின் விளிம்பில் மூன்று உயரமானவர்கள் இடத்தைக் காக்கட்டும். எதிரணியில் தலையால் நன்றாக அடிக்கிற இரண்டு பேருக்கு மட்டும் ஆள் போடுங்கள். முகாம் முடியும்வரை தினமும் அரை மணி நேரம் இதற்கு. இன்று பெரிய கிளப்புகளில் நின்ற பந்துக்கு மட்டுமே ஒரு பயிற்சியாளர் வைத்துக்கொள்கிறார்கள். ஆர்சனலில் நிக்கோலா ஜோவர் 2021-இலிருந்து அந்த வேலைதான் செய்கிறார். நம் ஆட்டத்தில் உங்கள் கனவுக்கு மிக அருகில் வருகிற தனிப்பதவி இது.

எதிரணியைப் பந்தோடு விரட்டி நெருக்குவது, ஆஃப்சைடு பொறி வைப்பது இவையெல்லாம் வருடம் முழுக்கச் சேர்ந்து ஆடும் அணிக்கு. முகாமில் அதை ஆரம்பித்தால் பாதி கற்று, பாதி கற்காமல் போய் மண்டலப் போட்டியில் கேரளத்துப் பல்கலைக்கழகங்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அவர்களிடம் ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகப் போட்டிகளில் 17 வயது முதல் 25 வரைதான் ஆட முடியும். பட்டப்படிப்பு மூன்று வருடத்தில் முடிகிறது. நீங்கள் செதுக்கி எடுத்த பின்வரிசை மே மாதம் கலைந்துபோகும், ஆகஸ்டில் புதிதாக நான்கு முகம் வரும். கிளப் பயிற்சியாளருக்கு இந்தத் தலைவலி குறைவு. கல்லூரியில் வேலை செய்கிறவனுக்கு இதுதான் தொழிலே. வருடாவருடம் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கச் சலிக்காதவனுக்கு மட்டும்தான் இது ஒத்துவரும். உங்களுக்குச் சலிக்குமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, பெயர்ப் பலகைகளுக்கு வருகிறேன்.

கல்லூரியிலேயே இருக்க வேண்டுமென்றால் உடற்கல்விப் படிப்பு தவிர்க்க முடியாதது. எந்தப் பட்டம் பெற்றவரும் பி.பி.எட். சேரலாம். மதிப்பெண்ணோடு விளையாட்டில் பங்கேற்ற சான்றிதழ் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. பி.பி.எட். இரண்டு வருடம், எம்.பி.எட். இரண்டு வருடம். மைசூரு பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்வித் துறை இருப்பதால் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. பிறகு உடற்கல்வியில் நெட் அல்லது கர்நாடகத்தின் கே-செட். கே-செட்டை முன்பு உங்கள் பல்கலைக்கழகம்தான் நடத்திக்கொண்டிருந்தது, இப்போது கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்துகிறது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு யுஜிசியின் 2018 விதிகளின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே நிலை. உடல் தகுதித் தேர்வும் உண்டு. 30 வயதுவரை உள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். உங்கள் முழங்கால் அதைத் தாங்கும். இல்லையென்றால் இப்போதே பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் உள்ள கசப்பையும் மறைக்க விரும்பவில்லை. அரசுக் கல்லூரிகளில் இந்தப் பணியிடம் ஒரு கல்லூரிக்கு ஒன்றுதான், அடிக்கடி அறிவிப்பும் வராது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சம்பளத்தை நான் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் கஷ்டப்படும். வேலைக்குப் போன பிறகு கால்பந்து மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கபடி, வாலிபால், கோகோ, விளையாட்டு விழாப் பந்தல், டி-ஷர்ட் கொட்டேஷன் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவது பலகை, பயிற்சியாளர் பட்டயம். பாட்டியாலாவில் மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம், என்.ஐ.எஸ். என்றால் மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடப் பட்டயமும், ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கின்றன. இந்திய விளையாட்டு ஆணையத்தில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு இந்தப் பட்டயம் பெரிய சீட்டு. ஆறு வாரச் சான்றிதழ் நல்லதுதான், ஆனால் அது பட்டயத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, கால்பந்துச் சம்மேளனத்தின் லைசென்ஸ். டி-யில் தொடங்கி சி, பி, ஏ என்று ஏறி ப்ரோவில் முடியும். சி முதல் மேலே உள்ளவை ஆசியக் கூட்டமைப்பின் சான்று பெற்றவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் பயிற்சியளித்த அனுபவம் கேட்பார்கள். ஐஎஸ்எல் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ப்ரோ வேண்டும். அது தூரத்து மலை. பெங்களூரு, மைசூரு அகாடமிகளில் சிறுவர் பிரிவுக்குள் நுழைய டி அல்லது சி போதும். உங்களுக்கு முதலில் எட்டக்கூடியது டி-தான். 18 வயது ஆனால் போதும், படிப்பும் சில நாள்களில் முடிந்துவிடும். என் யோசனை, பி.பி.எட்.டையும் டி லைசென்ஸையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலைக்கு, மற்றது வித்தைக்கு.

வாத்தியார் வேலையிலிருந்து பயிற்சியாளராவது நம் நாட்டில் பழைய, மரியாதையான பாதை. 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர். உடற்கல்விப் பட்டயம் படித்துவிட்டுப் பள்ளி விளையாட்டைப் பார்த்துக்கொண்டவர். அவரைப் பற்றிய ‘மைதான்’ படம் பார்த்திருப்பீர்கள். 1962-இல் தலையில் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை அரையிறுதியிலும் இறுதியிலும் ஃபார்வர்டாக நிறுத்தினார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 2–1 என்று ஜெயித்ததில் ஒரு கோல் ஜர்னைலுடையது. தடுப்பவனுக்குத்தான் கோல் எங்கிருந்து வரும் என்று தெரியும் என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை.

பேக்காக ஆடியவர்கள் பயிற்சியாளர்களான வரிசை நீளம். 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் தலைவர் சையத் நயீமுதீனுக்கு துரோணாச்சார்யா விருது 1990-இல் வந்தது, ஆட்டக்காரனுக்கான அர்ஜுனா 1997-இல்தான் வந்தது. நம் விருதுகளின் கணக்கு அப்படி. நம் காலத்தில் மகேஷ் கவ்லி இந்திய அணியின் துணைப் பயிற்சியாளராகவும், இளையோர் அணிகளின் பயிற்சியாளராகவும் இருந்திருக்கிறார். கௌரமாங்கி சிங் எஃப்சி கோவாவில் துணைப் பயிற்சியாளர் ஆனார். இருவருமே ஸ்டாப்பர்கள். துணைப் பயிற்சியாளர் நாற்காலியில் பேக்குகளை உட்கார வைப்பது தற்செயல் அல்ல. பின்னால் நின்று ஆடியவனுக்கு மைதானம் முழுதும் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கும்.

உங்கள் மாநிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மைசூரு மாநில அணி சந்தோஷ் டிராபியை நான்கு முறை வென்றது, கடைசியாக 1968–69-இல். அந்தக் காலத்து மைசூரு ஆட்டக்காரர்களில் பாதிப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களாகவே இருக்கும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். 1968–69 கோப்பைக்குப் பிறகு 54 வருடம் காத்திருந்து, 2023 மார்ச்சில் ரியாத்தில் நடந்த இறுதியில் மேகாலயாவை 3–2 என்று வென்று கர்நாடகம் மறுபடி கோப்பையை எடுத்தது. பயிற்சியாளர் ரவி பாபு ராஜு, வெளிநாட்டுக்காரர் அல்ல. மைசூரு என்ற பெயரில் ஆடினாலும் அந்தக் கால்பந்து பெரும்பாலும் பெங்களூருக் கன்டோன்மென்டின் கால்பந்து என்பது உங்களுக்கும் தெரியும். வேலையும் இன்று அங்கேதான் அதிகம். படிப்பை மைசூருவில் முடித்துக்கொண்டு, வேலைக்கு பெங்களூரு ரயிலேறத் தயாராக இருங்கள்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில். தடுப்பாட்டம் என்ற வித்தைதான் உங்கள் காதல், கால்பந்து இரண்டாம்பட்சம் என்றால் கபடிப் பக்கம் ஒருமுறை எட்டிப்பாருங்கள். அங்கே ரெய்டர் வேறு, டிஃபெண்டர் வேறு. கார்னர், கவர் என்று ஆளுக்கு ஓரிடம். அமெரிக்கக் கால்பந்து போலவே வேலை இயல்பாகப் பிரிந்திருக்கிறது. 2014-இல் புரோ கபடி வந்த பிறகு துணைப் பயிற்சியாளர் நாற்காலிக்கும் சம்பளம் வந்தது. கர்நாடகத்தின் பி.சி. ரமேஷ் பெங்களூரு புல்ஸ் ஆறாவது பருவத்தில் பட்டம் வென்றபோது துணைப் பயிற்சியாளர். அடுத்த பருவமே பெங்கால் வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வாங்கினார், 2024 மார்ச்சில் புனேரி பல்தானுக்கும் வாங்கித்தந்தார். நம் தமிழ்நாட்டு தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயது தாண்டியும் ஆடிய டிஃபெண்டர், பிறகு தமிழ் தலைவாஸின் வியூகப் பயிற்சியாளர் ஆனார். கால்பந்துக்காரனிடம் போய் கபடி ஆடு என்று சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். உடற்கல்விப் படிப்பில் எப்படியும் கபடியும் வரும், அப்போது கவனமாகப் படியுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும் வேலையை விடாதீர்கள், ஆனால் அதற்குக் கணக்கு எழுதுங்கள். ‘குறைவாகத்தான் கோல் வாங்குகிறோம்’ என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ஆட்டத்தில் எத்தனை? எதிரணி யார்? வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: கார்னரா, த்ரோ-இன்னா, எதிர்த்தாக்குதலா, நம் ஆளே பந்தைத் தவறவிட்டதா, அந்த நேரம் நான்கு பேக்குகளும் எங்கே நின்றார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடத்தில் ஒரு செல்போனை டிரைபாடில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவில் பந்துதான் தெரியும், வரிசை தெரியாது. ஒரு பருவத்துக்கு இப்படி எழுதிய நோட்டும், பத்துத் துண்டு வீடியோவும் கையில் இருந்தால், எந்த அகாடமிக்கும் தைரியமாகப் போய் உட்காரலாம். அவர்களிடம் வருகிற பலரும் சான்றிதழ் நகலோடு மட்டும்தான் வருகிறார்கள். பி.டி. சாரிடம் கல்லூரி முத்திரையோடு ஓர் அனுபவக் கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் படிகளில் ஏறும்போது உதவும். நட்பில் வேலை வாங்குகிறவர்கள் கடிதம் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். தயங்கினால் நாளைக்குச் சம்பளமும் தரமாட்டார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக அப்பா. வங்கித் தேர்வா, மைதானமா என்று இதை ஒரு சண்டையாக்க வேண்டாம். பி.பி.எட். சேரும்வரை வங்கித் தேர்வுக்குப் படியுங்கள், எழுதுங்கள். அதில் படிக்கிற கணக்கும் பொது அறிவும் எங்கேயும் வீண்போகாது. அதோடு அப்பாவிடம் ஒரு விஷயத்தைப் பேசுங்கள், அவர் பணிமனையிலேயே பார்த்திருப்பார்: ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீடு. வயது வரம்பு 18 முதல் 25, தளர்வு கிடையாது. உங்களுக்கு இரண்டு வருடம்தான் மிச்சம். தென்மண்டலத்தில் ஆடிய சான்றிதழ் மட்டும் போதுமா, அகில இந்திய அளவில் இடம் பிடித்திருக்க வேண்டுமா என்பது பதவிக்குப் பதவி மாறும். ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் அறிவிப்பை வரிக்கு வரி படித்துப் பாருங்கள். மைதானத்தில் நேரடித் தேர்வும் இருக்கும், ஆகவே முழங்காலுக்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் அந்தக் கதவை அன்றே மூடிவிட்டு, பி.பி.எட். விண்ணப்பத்தை வாங்குங்கள். ‘டி’ லைசென்ஸ் படிப்பு எப்போது என்று கர்நாடகக் கால்பந்துச் சங்கத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள். ஒரு வகுப்புக்கு இடங்கள் குறைவு, கடைசி நாளில் போனால் கிடைக்காது.